சுவருக்கு வேர்க்குமா?

என் மாமனார் சொன்ன காரணங்களைச் செங்கல்லாக அடுக்கியிருந்தால் அம்மா வீட்டுக்கு இன்னொரு மாடியே எழுப்பியிருக்கலாம். முன்னறையின் மூலையில், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில், முதல் ஈரத்திட்டு தெரிந்தபோது “புதுப் பூச்சு, அப்படித்தான் இருக்கும், காஞ்சிடும்” என்றார். காயவில்லை. மழை என்றார். மழை நின்ற பிறகும் திட்டு இறங்கிக்கொண்டே வந்தது. மாடியில், அந்த மூலைக்கு நேர்மேலே இருக்கிற பாத்ரூமில், என் அண்ணி கணக்கில்லாமல் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறாள் என்றார். “தண்ணி ஊத்தாம குளிக்கிற பாத்ரூம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்று அண்ணி என் காதில் முணுமுணுத்தாள். அவர் காதில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கடைசியாகத்தான் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தார்.

“இது ஒழுக்கு இல்ல சம்பந்தியம்மா. சுவருக்கு வேர்க்குது.”

“என்னது?”

“நீங்க நாள் பூரா இந்த அறைக்குள்ள இஸ்திரி போடுறீங்க. ஆவி எங்க போகும்? மேல ஏறி மூலையில சேர்ந்து வேர்வையா இறங்குது. கட்டடத்து மேல குத்தமே இல்ல.”

என் மாமனார் கட்டடக் கான்ட்ராக்டர். சித்தாளாகத் தொடங்கி மேஸ்திரியாகி, பிறகு சட்டைப் பையில் கார்டு வைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தவர். அவர் மனைவியே அவரைக் ‘கான்ட்ராக்டர்’ என்றுதான் சொல்வார். எனக்கும் அவர் மகனுக்கும் கல்யாணமான மறுவருடம், அம்மா வீட்டின் மேல் மாடி எடுத்தது அவர்தான். “என் கட்டடத்துல ஒரு சொட்டு ஒழுகினதில்ல” என்பது அவர் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே சொல்லக்கூடிய வாக்கியம். பொய் சொல்கிறோம் என்று தெரிந்து அவர் அதைச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவருக்கு மனசாரவே கூடம் கோணலாகத் தெரிந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா வேலை பார்த்த ஆலை மூடியபோது நானும் அண்ணனும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அப்பா ஒரு வாரம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா அடுக்களை மேடை மேல் போர்வையை விரித்து, பக்கத்து வீட்டுச் சட்டை இரண்டை வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள். அதுதான் ஆரம்பம். பிறகு தெரு முழுவதும் அவளுக்கு இஸ்திரிக்காரம்மா என்று பெயர் விழுந்தது. அந்த இஸ்திரிப் பெட்டியால்தான் நாங்கள் படித்தோம், கீழ்வீட்டை வாங்கினோம், என் கல்யாணம் நடந்தது. அவள் வலது முன்கையில் படகு மாதிரி ஒரு சூட்டு வடு உண்டு. சட்டைக் காலரைப் பார்த்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்வாள். என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே என் மாமனாரின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்திருக்கிறாள். “காலர் மட்டும்தான் சுத்தமா வச்சுக்கறாரு, உள்பக்கம் பட்டன் தையல் எல்லாம் நூலு தொங்குது,” என்று அப்போதே சொன்னாள். நாங்கள்தான் கேட்கவில்லை.

சம்பந்தம் ஆன நாளிலிருந்து அந்த வெள்ளைச் சட்டைகளுக்கு அவள் கூலி வாங்கியதில்லை. வாரம் ஒரு மூட்டை. தூக்கிக்கொண்டு வருகிற கழுதை நான்.

சுவருக்கு வேர்க்கிறது என்று அவர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவரை நினைத்து வந்த நிம்மதி இல்லை அது. சம்பந்தி மேல் தப்பில்லை என்றால் சண்டை போட வேண்டாம். இஸ்திரிப் பெட்டி மேல் தப்பு என்றால் பெட்டியை எடுத்து மூலையில் வைத்துவிடலாம். அதற்குக் கேட்கவா வேண்டும்?

“போதும்மா, எத்தனை வருஷம் நிப்ப? காலைப் பாரு, நரம்பு நரம்பா சுருட்டிக்கிட்டு இருக்கு,” என்றான் அண்ணன்.

“அந்த அறையை வாடகைக்கு விட்டா சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம்,” என்றார் மாமனார்.

அப்பா வழக்கம்போல் வெள்ளைக்கொடியோடு வந்தார். “விட்டுக் குடுத்தவங்க கெட்டுப் போனதில்ல. பொண்ணைக் குடுத்த இடம். அனுசரிச்சுப் போவோம்.”

“விட்டுக் குடுத்தவங்க கெடலைங்க. விட்டுக் குடுத்த சுவருதான் கெட்டுப் போச்சு,” என்றாள் அம்மா.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில், தேய்த்து மடித்து அடுக்கிய பிறகு, மேலேயிருந்து பழுப்பாக ஒரு சொட்டு விழுந்து வட்டமாகக் காய்ந்திருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. அடுத்த வாரம் துணி வரவில்லை, அவ்வளவுதான். அம்மா அந்த வாரம் பூராவும் வாசலைப் பார்த்துக்கொண்டே தேய்த்தாள். அவளுக்குப் பதிலாக நான் அழுதேன்.

என் நிலைமை மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மாமனார் வீட்டில், “உங்கம்மா ஊரைக் கூட்டி என் பேரைக் கெடுக்கப் பாக்கறாங்க” என்பார்கள். என் கணவர் அவர் அப்பாவிடம் வேலை பார்க்கிறவர். அப்பா சொன்னதற்குத் தலையாட்டுவதை வீட்டுக்கு வந்த பிறகும் அவர் நிறுத்துவதில்லை. அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்தால் அந்தத் திட்டு என்னையே பார்க்கும்.

அம்மாதான் பந்தயம் கட்டினாள். எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஒரு மாசம் பெட்டியைத் தொட மாட்டேன். சுவர் காஞ்சுதுன்னா, கடையை ஒரேடியா மூடிடறேன். காயலேன்னா நீங்க பாத்ரூமை உடைச்சு, என்ன ஏதுன்னு பாக்கணும். சம்மதமா சம்பந்தி?”

“எழுதியே தரேன்,” என்றார் மாமனார்.

“எழுத்து எதுக்கு. வாய்தான் இருக்கே உங்களுக்கு.”

வந்த துணியை எல்லாம் அடுத்த தெரு இஸ்திரிக்காரரிடம் திருப்பிவிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் வலது கை மட்டும் மடியில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். விட்டதும் மறுபடி ஓட ஆரம்பித்தது.

சுவர் காய்ந்தது.

முதலில் ஓரம் வெளுத்தது. பிறகு நடுவில். பூச்சு உரிந்து உப்பு மாதிரி உதிர்ந்து, கடைசியில் பழுப்புக் கோடு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அப்பா தினமும் அதைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்துக்காக அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மாமனார் வீட்டில் இரண்டு நாள் விசில் அடித்துக்கொண்டே நடந்தார். அம்மா பெட்டியின் ஒயரைச் சுற்றி ஒரு பையில் போட்டுக் கட்டினாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

மாமனார் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள் போனேன். அம்மா உள்ளங்கையில் ஒரு சோப்பை வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றிருந்தாள். பாதி தேய்ந்த சோப்பு. குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது.

“இதைப் பாரு.”

“என்னம்மா, சோப்பு.”

“மாடியைக் கூட்டலாம்னு போனேன். பாத்ரூம்ல இருந்துச்சு. ஆள் குளிக்கிற வீட்ல சோப்பு இப்படி வெடிக்குமாடி?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணியின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அண்ணனும் அண்ணியும் கிளம்பிப் போனது, அம்மா பெட்டியை ஓரம் வைத்த அதே வாரம். இன்னும் திரும்பவில்லை. கீழே பெட்டி ஓய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். மேலே குழாய் ஓய்ந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. அண்ணியை வழியனுப்பியது நான். எனக்கே தோன்றவில்லை.

“மாமாகிட்ட இப்பவே போன்ல சொல்லிடறேன்.”

“சொன்னா? வேற ஒரு காரணம் தயார் பண்ணிட்டு வருவாரு. வரட்டும்.” சோப்பை ஜன்னலில் வைத்தாள். “நீ நாளைக்கு வரவேணாம். அந்த வீட்ல வாழ வேண்டியவ நீ. இது என் சண்டை.”

நான் மறுநாள் போனேன். மாமனார் கூடவே, அவர் வண்டியிலேயே போனேன்.

அன்றைக்கு அவர் போட்டிருந்தது அம்மா தேய்த்து வைத்திருந்த கடைசி வெள்ளைச் சட்டை. கையில் இனிப்புப் பெட்டி வேறு. உள்ளே நுழைந்ததும் அம்மா உட்காருகிற ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, மூலையில் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

“சருகா காஞ்சிருக்கு! நான் என்ன சொன்னேன்? என் கட்டடத்துல...”

“நல்லா வச்சுப் பாருங்க சம்பந்தி,” என்றாள் அம்மா. “இன்னும் கொஞ்சம் மூலையில. ஆமா, அங்கதான். கையை மட்டும் எடுக்காதீங்க.”

“ஏன்?”

“ஒரு நிமிஷம்.” அப்பாவைப் பார்த்தாள். “மேல போய் எல்லாக் குழாயையும் திறந்து விடுங்க. வாளி வாளியா தரையில ஊத்துங்க. ஒரு மாசமா யாரும் குளிக்காத பாத்ரூம்.”

மாமனாரின் முகத்தில் ஏதோ ஓடியது. புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கையை எடுத்தால் பயந்ததாக ஆகிவிடுமே. அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே, “இப்ப எதுக்கு அதெல்லாம், காப்பி ஆறுது,” என்றார். அம்மா தானே படிப்பக்கம் திரும்பினாள்.

“நீ இரும்மா. நான் போறேன்,” என்றேன்.

மாமனார் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்காமல் படியேறினேன்.

மேலே இரண்டு குழாயையும் ஷவரையும் திறந்துவிட்டு, வாளியால் அள்ளி அள்ளிக் கொட்டினேன். ஓட்டையில் தண்ணீர் சுழன்று இறங்கியது. கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு மாமனாரின் சிரிப்புக் கேட்டது. “பாத்தீங்களா, ஒண்ணும் வரல!”

“இன்னும் ஊத்து!” என்றாள் அம்மா.

அந்த இடத்தில் என் கை நின்றது. குழாயை மூடிவிட்டு, “திறந்துதான் இருக்கு” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். யாருக்கும் தெரியாது. சாயங்காலம் நான் போய் உலை வைக்க வேண்டியது அந்த வீட்டில்தான். மாமியார் முகம், கணவர் முகம், எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு மடியில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. ஓங்கி ஓங்கி ஊற்றினேன். யார் மேலோ கொட்டுவதுபோல ஊற்றினேன். புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது.

கீழே சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

மாமனார் இன்னும் ஸ்டூல் மேலேயே நின்றிருந்தார். கையை எடுக்கவில்லை, எடுத்தால் தெரிந்துவிடும் என்பதுபோல அழுத்திப் பிடித்திருந்தார். விரலிடுக்கில் பழுப்பாகத் தண்ணீர் வந்து, மணிக்கட்டில் திரும்பி, வெள்ளைச் சட்டையின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. கையும் களவுமாக என்பார்கள். இது கையும் கசிவும்.

“பெட்டி ஜில்லுன்னு இருக்கு சம்பந்தி,” என்றாள் அம்மா. “தொட்டுப் பாருங்க. இன்னொரு கை சும்மாதானே இருக்கு.”

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீயுமா?”

“நான் குழாயைத்தான் திறந்தேன் மாமா.”

அப்பா அவர் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார். மாமனார் தரையைப் பார்த்துச் சொன்னார்: “குழாய் இறங்குற எடத்துல சரியா அடைக்காம விட்டிருப்பானுங்க. அன்னைக்கு நான் வேற வேலையில இருந்தேன். பசங்க விட்டது.”

“மழை பெஞ்சுச்சு, மருமக ஊத்தினா, சுவர் வேர்த்துச்சு, இப்ப பசங்க. நீங்க எப்ப வருவீங்க இந்த வரிசையில?”

“ஆளை அனுப்பறேன் சம்பந்தியம்மா.”

“ஆளோட நீங்களும் வரணும். உடைக்கிறதுலேந்து பூசறது வரைக்கும் இங்க நிக்கணும்.”

“மெதுவா பேசு,” என்றார் அப்பா. “பொண்ணைக் குடுத்த இடம்.”

“பொண்ணைத்தாங்க குடுத்தேன். வாயையும் சேர்த்துக் குடுக்கல.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மாமனார் வாசலைப் பார்த்து நடந்தார்.

“நில்லுங்க,” என்றாள் அம்மா. “இந்தக் கறையோட தெருவுல போனா, என் கையால தேச்ச சட்டைன்னுதான் சொல்லுவாங்க. கழட்டிக் குடுங்க.”

அவர் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். அப்பா தன் சட்டையொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது அவருக்கு வயிற்றில் மூடவில்லை. அம்மா கறைபட்ட சட்டைக் கையை மட்டும் சோப்புப் போட்டு அலசினாள். மாடியிலிருந்து எடுத்துவந்த அந்த வெடித்த சோப்பையே எடுத்ததைப் பார்த்தேன். பிறகு பையை அவிழ்த்து, ஒயரைப் பிரித்து, சுவிட்சைப் போட்டாள். விரலை நாக்கில் தொட்டுப் பெட்டியில் வைத்தாள். சுர்ரென்றது. ஒரு மாசத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஈரக் கைப்பகுதியில் பெட்டி போனபோது ஆவி எழுந்து நேராக அந்த மூலைக்குப் போனது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். மாமனார் மட்டும் பார்க்கவில்லை.

அம்மா சட்டையை மடித்து நீட்டினாள். அவர் கை வைத்ததும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே கூலி உண்டு சம்பந்தி.”

அவர் பையைத் துழாவினார். சில்லறை இல்லை என்றார்.

“பரவாயில்ல,” என்றாள் அம்மா, சட்டையை விட்டபடி. “நாளைக்கு பாத்ரூம் உடைக்க வரும்போது கொண்டு வாங்க.”