உயிர் அன்று, உயில்

மேசையில் விரித்த பனியன் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது என் வலக்கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது. எடுக்க முயன்றேன், கை வரவில்லை. கட்டிங் மாஸ்டராகப் பிழைத்த கை அது.

பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டு உடலின் ஒரு பாதி செயலிழத்தல்) என்றார் மருத்துவர். நாக்குளறலும் (சொல் மனத்தில் இருந்தும் நாவில் வாராமை) சேர்ந்துகொண்டது. இந்நோயில் படுத்தோர் அறிவர்: வாய் குழறினால் அறிவும் போயிற்று என்றே வீட்டார் முடிவுகட்டுகின்றனர். செவி பழுதற்ற என்னிடம் எல்லோரும் கூவியே பேசினர்.

எனக்கிருந்த கவலை ஒன்றே. இளம் வயதில் கணவரை இழந்த என் அக்காள் எங்களுடன் வாழ்கிறாள். நான் எழுதிவைக்காது இறந்தால் வீடு மனைவிக்கும் மகனுக்கும் சேரும். அக்காளுக்குச் சட்டப்படி ஓர் அறையும் கிடையாது. மகன் நல்லவன். நல்லவர்களும் வீட்டை விற்பதுண்டு.

ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் "உயில்" என்றேன். கடைசி எழுத்து நாவில் நிற்கவில்லை.

"உயிருக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்று மனைவி அழுதாள்.

மறுபடி சொன்னேன், திருநீறு வந்தது. மூன்றாம் முறை சொன்னேன். சிவன்மலையில் எனக்கு மொட்டை போடுவதாக மகன் வேண்டிக்கொண்டான். ஏற்கெனவே வழுக்கையான தலைக்கு! பன்னிரண்டு நாள் இவ்வாறே கழிந்தது.

அக்காளின் அறையில்தான் என் கட்டில். இடக்கை விரலால் போர்வைமீது நான் எழுதுவதை அவள் கவனித்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"ஏஞ்சாமி, துணி வெட்டோணுமா?" என்று சாக்பீஸையும் ஒரு துண்டுத் துணியையும் கொண்டுவந்தாள்.

மூன்று எழுத்துகள் எழுதினேன். கடைசி எழுத்தைப் பெரிதாக எழுதி, புள்ளியை அழுத்திக் குத்தினேன். அக்காள் துணியை மகனிடம் காட்டினாள்.

"உயிலுங்ளாப்பா? நாங்க உயிருன்னல்ல நெனச்சோம்! அதுக்கென்ன இப்ப அவசரம்? எந்திரிச்சு நடங்க, அப்பறம் பாத்துக்கலாம்" என்றான் மகன்.

சாக்பீஸை அவன்மேல் எறிந்தேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று மறுநாள் மருத்துவரை அழைத்துவந்தான். அவர் என்னைச் சோதித்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்: "அவுரு தெளிவாத்தான் இருக்காருங்க. உங்களுக்குத்தான் காது கேக்கல."

அக்காளுக்கு அந்த அறையில் ஆயுள் முழுதும் குடியிருக்கும் உரிமையை, நான் சாக்பீஸால் எழுதிக் காட்டியபடி, மருத்துவர் முன்னிலையில் பத்திர எழுத்தர் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு மைப்பெட்டியை நீட்டினார். கைநாட்டு! பள்ளி செல்லாமல், மளிகை கட்டிவந்த தாள்களைப் பார்த்து எழுத்துக் கற்ற நான், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இடக்கையில கையெழுத்துப் பழக ஆறு மாசமாவும். கட்டவெரலு இப்பவே தயாரா இருக்குதுங்க" என்றார் மருத்துவர்.

வைத்தேன். அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சி. படிப்போரே, கையும் நாவும் சொன்னபடி கேட்கும்போதே எழுதிவிடுங்கள்.

விவரம் அறிந்த அக்காள் சிரித்தாள்: "எனக்கு முந்தி நீ போயிருவியாக்கும்? எழுதி வெச்சுட்டானாம், பெருசா!"

வலக்கையை இப்போது நான் ஏவுவதில்லை, வேண்டிக்கொள்கிறேன். சில நாள் தம்ளரைப் பிடிக்கிறது. இக்கட்டுரையை இடக்கையால் எழுதுகிறேன். முன்பு ஒரு டஜன் பனியன் வெட்டிய நேரத்தில் இப்போது ஒரு வரி முடிகிறது. காலைதோறும் அக்காள் சாக்பீஸைக் கொண்டுவந்து, நான் என் பெயரை எழுதி முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு அவசரமில்லை. எனக்குப் பின்னும் அந்த அறை அவளுடையது.