தொடுதிரைக்கு ஒரு வார்த்தை

பள்ளிக்கூடத்தில் அவளைப் புள்ளி டீச்சர் என்பார்கள். கோடு இழுக்கும் முன் புள்ளி வை, புள்ளி வைக்கும் முன் யோசி என்று நாளெல்லாம் ஓதி ஓதி வந்த பெயர். கணக்கு டீச்சர், அதுவும் தற்காலிகம். அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் நிரந்தரமாகி, வீடு கட்டி, தொப்பையும் போட்டுவிட்டார்கள். அவளுக்கு மட்டும் அடுத்த வருஷம் என்பது அடிவானம் மாதிரி தள்ளித் தள்ளிப் போனது. இந்தமுறை தாளாளரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்: பொதுத்தேர்வு முடியட்டும், உத்தரவு கைக்கு வரும் என்று.

அந்த வருஷம்தான் தாளாளரின் மருமகன் கால்குலேட்டர் வியாபாரத்தில் இறங்கினார்.

அதுவரை பிள்ளைகளிடம் இருந்தது வரைபடம் போடும் சாதாரணக் கால்குலேட்டர். சாம்பல் நிறம், தடித்த பொத்தான்கள், பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரி. சமன்பாட்டைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் வளைகோடு வந்து நிற்கும். மருமகன் கொண்டுவந்ததோ வண்ணத் தொடுதிரை. கோளமும் கூம்பும் அதில் சுழன்று சுழன்று ஆடும். பெற்றோர் தலையில் விலையைக் கட்டி, பள்ளிக்கே மொத்தமாக வாங்கினார்கள். வாங்கியதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் கீறல் விழுமாம். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். விருந்தினர் வந்தால் திறப்பார்கள். அவர்கள் படியிறங்கியதும் பூட்டுவார்கள். விலை கூடினால் அறிவும் கூடும் என்பது ஒரு மூடநம்பிக்கை. படித்தவர்கள்தான் அதற்கு முதல் பக்தர்கள்.

அபூர்வமாக அலமாரி திறந்த நாட்களிலும் பிள்ளைகள் பழைய கருவியைத்தான் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்துத் தட்டினார்கள். புள்ளி டீச்சர் பறிக்கவில்லை. ஏன் என்று கேட்டாள். முதல் பெஞ்சுக்காரி, வாயாடி, எழுந்து நின்றாள்.

"புதுசுல கோடு வர்றதுக்குள்ள கேள்வியே மறந்துடுது டீச்சர். முதல்ல ஃபைல் திறக்கச் சொல்லுது. அப்புறம் அதுக்குப் பேர் வைக்கச் சொல்லுது. ஒரு சைன் அலைக்கு நான் என்ன பேர் வைக்கிறது?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் இதை அப்படியே சொன்னாள். பழையதையே தேர்வுக்கு எடுத்துப் போக விடுங்கள் என்றாள்.

"மக்குப் பசங்களுக்கு மக்கு மெஷின் பிடிக்கும் டீச்சர்," என்றார் தாளாளர். "நாமதான் தூக்கி விடணும்."

"காய் நறுக்கிறவ கத்தியில கூர் இருக்கான்னுதான் பார்ப்பா சார். பிடியில தங்கம் இருக்கான்னு பார்க்கிறவ நறுக்கப் போறதில்ல."

தலைமையாசிரியர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பேச்சு அதோடு முடிந்தது. தேர்வுக்குப் புதுசுதான் என்று உத்தரவாயிற்று.

தேர்வன்று ஒரு சிக்கல். கருவிக்குள் யாரும் விடையைப் பதுக்கி வைக்கக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் துடைத்துத் 'தேர்வு நிலை'யில் வைக்க வேண்டும். பழையதாக இருந்தால் பின்புறத் துளையில் ஊசியால் ஒரு குத்து, வேலை முடிந்தது. புதியதில் அது எந்தச் சந்துக்குள் இருக்கிறதென்று வெளியூரிலிருந்து வந்த கண்காணிப்பாளருக்குத் தெரியவில்லை. புள்ளி டீச்சரைக் கூப்பிட்டார்கள். செய்துவிட்டுப் போகலாம், பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

வரிசை வரிசையாக அவள் செய்து முடிப்பதற்குள் வினாத்தாள் கொடுத்தாகிவிட்டது. வாசலுக்குத் திரும்பும்போது முதல் பெஞ்சுக்காரியின் திரை கண்ணில் பட்டது. அலை வரவேண்டிய இடத்தில் சீப்புப் பல் மாதிரி கிறுக்கல். அவளுக்குக் காரணம் புரிந்தது. தேர்வு நிலை கோண அளவையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. பிள்ளைகள் படித்தது டிகிரியில்; கருவி போய் நின்றது ரேடியன் என்கிற வேறு அளவில். பழையதில் இது முகப்பிலேயே தெரியும், ஒரு பொத்தானில் மாறும். இதில் மூலையில் எறும்பளவு எழுத்து. அலமாரிக்குள் இருந்ததைப் பழகியவர் யார்? பக்கத்துப் பெஞ்சிலும் சீப்பு. அதற்கடுத்ததிலும்.

கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. அதற்கு அப்பால் நிரந்தர வேலை. அவள் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் டிகிரிக்கு மாத்துங்க. அமைப்புல ரெண்டாவது வரி."

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்துவிட்டார்.

மறுவாரம் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம், தேர்வறை முறைகேடு. வாய் தவறி வந்ததென்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். தவறி வரவில்லை, தெரிந்துதான் சொன்னேன் என்றாள். கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர், இரவுச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு வார்த்தைக்கு ஒரு வேலை. விலை கொஞ்சம் ஜாஸ்திதான்," என்றார் கடைசியில். "ஆனா சொல்லாம வந்திருந்தா நீ இந்தச் சோத்தைத் தின்னிருக்க மாட்டே."

முடிவுகள் வந்தன. எல்லோரும் தேறினார்கள். பள்ளி வாசலில் ஆளுயரப் பலகை எழுந்தது: 'நவீனக் கருவி, நூறு சதவீதத் தேர்ச்சி.' படத்தில் முதல் பெஞ்சுக்காரி, கையில் தொடுதிரையோடு.

அந்த வாயாடி மிட்டாயோடு வீட்டுக்கு வந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினாள்.

"போட்டோவுக்காக அதைக் கையில திணிச்சாங்க டீச்சர். சார்ஜ்கூட இல்ல. ஆன் ஆகவே இல்ல."

"போட்டோவுக்கு அது போதும்," என்றாள் புள்ளி டீச்சர்.