திரும்பி வந்ததற்கு ஒரு ஸ்டார்

இரண்டாம் வகுப்பின் துணை ஆசிரியையின் விரலில் எப்போதும் ஒரு காகித ஸ்டார் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளியில் அவள் பெயரே ஸ்டார் டீச்சர். வீட்டில் அவள் கணவர் பாத்திரம் கழுவிவிட்டுக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

"எனக்கு ஒண்ணு ஒட்ட மாட்டியா?"

"டம்ளர்ல இன்னும் சோப்பு இருக்கு. நாளைக்குப் பார்ப்போம்."

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டும், நல்ல நடத்தையைப் பரிசு கொடுத்து வளர்க்க வேண்டும் என்று அரசின் கொள்கை வந்ததும் முதலில் கைதட்டியவள் அவள்தான். அப்படி வந்து சேர்ந்த சிறுமிக்கு வகுப்பு வைத்த செல்லப் பெயர் எக்ஸ்பிரஸ். பேச்சு கிடையாது. சத்தம் கூடினால் எழுந்து ஒரே ஓட்டம்; கேட் வரை போய்விடுவாள். அதற்கப்பால் லாரி ஓடும் சாலை. பருவ முடிவில் அதிகாரி வரும்போதும் இப்படியே ஓடினால், தொலைவில் உள்ள தனிப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சிறுமியின் அம்மா அன்றிலிருந்து தினமும் வகுப்பு ஜன்னலோரம் வந்து நிற்கத் தொடங்கினாள்.

ஸ்டார் டீச்சர் விடுவாளா? ஓடிய பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்தால் உடனே ஒரு ஸ்டார். பலன் கைமேல் கிடைத்தது. கூப்பிடாமலே திரும்பினாள், சட்டை முழுக்க ஸ்டார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டம் மட்டும் ஏனோ கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் வகுப்பு அமைதியாக இருக்கும்போதே எக்ஸ்பிரஸ் எழுந்தாள். கதவு வரை நடந்து, ஒரு காலை மட்டும் வெளியே வைத்து எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடுவது அவளுக்கு ஏற்கெனவே பிடித்த காரியம். கரும்பு தின்னக் கூலியும் கொடுத்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெருமையாகவும் இருந்தது, எவ்வளவு கெட்டிக்காரி! பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது என்று முதலில் பாருங்கள், வேண்டியதைக் கேட்கக் கற்றுக்கொடுங்கள் என்றும் அதே கொள்கையில் இருந்தது. நம் டீச்சர்தான் பரிசு என்ற இடம் வரை படித்துவிட்டு ஸ்டார் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

கதவுப் படம் வரைந்த ஓர் அட்டை தயாரானது. அதைப் பெரியவர் யார் கையிலாவது கொடுத்தால் வராந்தாவில் உலாவிவிட்டு வரலாம். ஸ்டார் கிடையாது. அதைப் பழக்குவதற்குள் டீச்சர் பட்டது நாய் படாத பாடு.

அதிகாரி வந்த அன்று பக்கத்து வகுப்பில் பாட்டு தொடங்கியது. எக்ஸ்பிரஸ் எழுந்து கதவை நோக்கி ஓடினாள். ஜன்னலோரம் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சிறுமி கதவருகே நின்றாள். திரும்பி வந்து அட்டையை எடுத்தாள். கிட்டத்தில் இருந்தது அதிகாரியின் கை, அதிலேயே வைத்துவிட்டு நின்றாள்.

"என்னம்மா இது?"

"அவளுக்கு வெளிய போகணும் சார். சரின்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நிப்பா," என்றாள் டீச்சர்.

"சரி," என்றார். அவள் உலாவிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். "இங்கேயே படிக்கட்டும்," என்று சொல்லி அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே ஓடவே மாட்டாளா டீச்சர்?"

"ஏன் ஓடாம? நல்லா ஓடுவா. நம்மகிட்ட சொல்லிட்டு ஓடுவா."