எம்.பி.க்குக் கொண்டுபோன தேநீர்

இந்த வெள்ளைக்கார நாட்டில் குளிர் தொடங்கினால் குதிரைகளுக்குக் கோட்டுப் போடுவார்கள். காலையில் சன்னலைத் திறந்தால், மேட்டுநிலப் புல்லில் அவை கோட்டும் தாமுமாக மேய்வது தெரியும். நான் சமையல்காரனாக இருக்கும் பெரிய வீட்டின் லாயத்துக்கு மேலேதான் என் அறை. கீழே ஒவ்வொரு குதிரைக்கும் தனி அறை உண்டு. மேலே என் மனைவி றகுமாவுக்கு இடமில்லை என்கிறார் வீட்டு மேடம். வேறிடம் போகலாமென்றால், என் பெர்மிட் இந்த வீட்டு வேலைக்கு மட்டும்தான். வீட்டை விட்டால் நாட்டையும் விடவேண்டும்.

என் ஊரான சாய்ந்தமருதில் எங்கள் தெருவுக்கு இன்னும் தொலைபேசி வரவில்லை. றகுமா கேசட்டில்தான் பேசி அனுப்புவாள். பின்னால் கடல் இரையும். "அங்க குதிரைக்கும் அறை இருக்கெண்டு சொன்னீங்க. அப்ப என்னையும் குதிரையெண்டு சொல்லிக் கூப்பிடுங்களன். பகிடி இல்ல, அந்த ஊர் எம்.பி.ட்டப் போய்க் கதைங்க. அவரும் ஓட்டுக் கேட்டு வந்த மனிசன்தானே."

நம் பக்கத்தில் அதுதானே வழக்கம். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு எம்.பி. வீட்டு முற்றத்தில் போய் நின்றால், பல் துலக்கிக்கொண்டே வந்து கேட்பார். கலியாண வீட்டில் சோறு குவித்த ஒரே சஹன் தட்டைச் சுற்றி அவரோடு உட்கார்ந்து, அவர் வாயில் சோறு இருக்கும்போதே வாய்க்கால் கதையைத் தொடங்குவோம். ஒருமுறை என் வாப்பா அவர் கையை எட்டிப் பிடித்து, "எங்கட வயலுக்குத் தண்ணி தாறனெண்டு சொல்லுங்க, மறுகா கை கழுவலாம்" என்றார். அடுத்த கிழமை தண்ணீர் வந்தது.

இந்தத் தொகுதியின் சங்கதி வேறு. பெரும் பண்ணைகள், கல்வீடுகள், சத்தமில்லாத பணம். எப்போதும் ஒரே கட்சி. நம் ஆட்கள் சொல்வதுபோல் கூட்டுகிற தும்புத்தடியை நிறுத்தினாலும் வெல்லும். தேர்தல் வந்தால் ஒரு போஸ்டர் கிழிவதில்லை, ஒருவனுக்கும் தொண்டை கட்டுவதில்லை. இங்குள்ள கட்சிக் கிளைக்கு எங்கள் மேடம்தான் தலைவி. எம்.பி. அடிக்கடி எங்கள் மேசையில்தான் சாப்பிடுவார்.

ஒரு ஞாயிறு அவர் என் கோழிக்கறியைப் புகழ்ந்தார். உப்புத் திண்ட வாய் மாட்டேனென்று சொல்லாது என்ற நம்பிக்கையில், கறிக் கோப்பையோடு நின்றபடியே கேட்டுவிட்டேன்: "சேர், என் மனைவியைக் கூப்பிட வேண்டும். அதற்கு வேறு வேலைக்குப் போக அனுமதி வேண்டும்."

கரண்டிச் சத்தம் நின்றது. எம்.பி. சிரித்தார். "சனிக்கிழமை கிராம மண்டபத்துக்கு வாருங்கள். யார் வந்தாலும் கேட்பேன்."

மேடம் என்னிடம் புடிங் எங்கே என்றார்.

சனிக்கிழமை நானும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மண்டப வாசலில் மேசை போட்டு, வந்தவர்களை விசாரித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தவர் மேடம். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

"நீயா? என்ன விசயமாக வந்தாய்?"

இவர் என்னை வேண்டாமென்று ஒரு வரி எழுதிப் போட்டால் நான் விமானத்தில். "தேநீர் ஏதும் வேண்டுமா என்று கேட்க வந்தேன், மேடம்."

"எவ்வளவு நல்லவன் நீ."

மண்டபத்துக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, பாலூற்றி உள்ளே கொண்டுபோனேன். எம்.பி. நிமிர்ந்து பார்த்தார். "மனைவி சுகமா?"

கதவு திறந்தே இருந்தது, வாசலில் மேடம். "சுகம், சேர்."

அவருடைய கை மேசைமேல், எனக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. வாப்பா என்றால் பிடித்திருப்பார். என் இரண்டு கையிலும் தட்டம் இருந்தது.