காலில் விழும் மனிதர்

பெருங்களத்தூரில் எங்கள் எதிர்வீட்டு அக்காவின் கணவருக்கு இரண்டு வேலைகள் நன்றாக வரும். ஒன்று, மனைவியை அடிப்பது. இன்னொன்று, மறுநாள் அவர் காலில் விழுவது. இரண்டாவதில் மனிதர் கைதேர்ந்தவர். சட்டை அழுக்காகிவிடக் கூடாதே என்று முதலில் தரையில் கைக்குட்டையை விரிப்பார். கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும். பிறகு தடாலென்று விழுவார். யாராவது தூக்கிவிடும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"அதான் கால்லயே விழுந்துட்டானே, இன்னும் என்னம்மா வேணும்?" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பிப்பார்கள். அக்கா குனிந்து தூக்கிவிடுவார். கடைசியாக அடித்தபோது அவருடைய வலது தோளைத் திருகியிருந்தார் அந்த ஆள். அக்கா இடது கையால் தூக்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரமே மறுபடி அடி. இந்த முறை அக்கா நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆள் இனி அக்காவைத் துன்புறுத்தக் கூடாது, அந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. மீறினால் ஓராண்டு வரை ஜெயில். இனியாவது பயமில்லாமல் கதவைத் திறந்து வைக்கலாம் என்று அக்கா ஆசைப்பட்டார். அந்த ஆளோ, மறுபடி அடித்தால்தான் ஜெயில், காலில் விழப் போனால் யார் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லிகைப்பூவும் அல்வாவுமாக வந்து நின்றார். அக்காவும் நானும் காய்கறிப் பையோடு எங்கள் அபார்ட்மென்ட் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தோம்.

"இன்னா சார், கோர்ட்டு வராதன்னு சொல்லிக்கீது, நீ பாட்டுக்கு வந்துகினு கீற?" என்றார் வாட்ச்மேன்.

"நான் அடிக்க வரலப்பா, கால்ல விழத்தான் வந்தேன்!"

"கால் இருக்கிற இடத்துக்கே வரக் கூடாதுன்னுதான் சார் ஆர்டர்" என்றேன் நான்.

அவர் காதில் வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னிடமே நீட்டினார். பாழாய்ப்போன பழக்கம், நானும் வாங்கிக்கொண்டேன். முந்தின நாள் மழையில் கேட்டருகே குட்டையாகத் தண்ணீர். கைக்குட்டையை அதன்மேல் விரித்தார், அது மூழ்கியது. அதன் மேலேயே விழுந்தார்.

அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்து, போலீசுக்குப் போன் செய்தார்.

அவர் எழுந்திருக்கவில்லை. யாரும் தூக்கிவிடாமல் எப்படி எழுவது? அவ்வப்போது தலையைத் தூக்கி அக்காவைப் பார்ப்பதும் மறுபடி குப்புறப் படுப்பதுமாகக் கிடந்தார். அல்வாப் பொட்டலத்தில் எறும்பு ஏறியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிவிட்டு, அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள். கண்ணாடியை நான் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

கீழ்வீட்டு மாமிக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு நேரம் தண்ணியில கெடந்தாரே, நீயே ஒரு கை குடுத்துத் தூக்கிவிட்டிருக்கலாமேம்மா?"

அக்கா காய்கறிப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"குனிஞ்சா தோள் வலிக்குது மாமி."