இருபத்திமூன்றாம் படத்தின் மூலை

பிழைப் பட்டியல் வந்த அன்று என் கணவர் இறந்து பதினேழு நாள். நான் வேலைக்குத் திரும்பி மூன்றாம் நாள். கோப்பன்ஹேகனில் ஒரு நூலகத்தின் நிலவறையில் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடிப்பது என் வேலை. எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்த சனமெல்லாம் "அழு பிள்ளை, அழுது தீர்" என்று சொல்லிப் பார்த்தது. கோபம்தான் வந்தது. அதுவும் கனநேரம் நிற்கவில்லை.

பட்டியலில் ஒரே வரி: இருபத்திமூன்றாம் படத்தில் விரல் தெரிகிறது, திரும்ப எடுக்கவும்.

புத்தகம் நினைவிருந்தது. ஸ்பெயினில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய அரண்மனைகளையும் பள்ளிவாசல்களையும், கமரா வருவதற்கு முன்னர் யாரோ போயிருந்து வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. பாதி மேசையை அடைக்கும். இருபத்திமூன்றாவது, கிரனாடா அரண்மனையின் முற்றம். வரிசையாகத் தூண்கள், உயரத்தைக் காட்டுவதற்காக ஓரத்தில் எறும்பளவு இரண்டு மனிதர். படமெடுத்த அன்று அந்தத் தாள் படுக்கமாட்டேன் என்று சுருண்டு எழும்பியது. கூட வேலைசெய்பவள் அன்று லீவு. அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த என் கணவர் வாளியோடு அந்தப் பக்கம் போனார்.

"இஞ்ச வாங்கோ. கையைக் கழுவிப்போட்டு இந்த மூலையைக் கொஞ்சம் பிடியுங்கோ."

பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இவ்வளவு தூணையும் ஆரப்பா தூசு தட்டுறது?"

சிரித்துக்கொண்டே எடுத்தேன். பிறகு கணினியில் ஓரத்தை வெட்ட மறந்துபோனேன்.

இப்போது திரையில் அந்தப் பெருவிரல். முன்னர் வேலைசெய்த ஹொல்ஸ்டெப்ரோ தொழிற்சாலையில் மெஷின் கடித்த நகம், அதற்குப் பிறகு நடுவில் பிளந்தே வளர்ந்தது. மூலையில் கண்ணாடிக் கட்டியை வைத்துப் புதிதாக எடுத்தேன். நல்ல படம். பழையதை அழிக்கவா என்று கணினி கேட்டது. இல்லை என்று அழுத்தினேன்.

வீட்டில் மகள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குப் படம் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாப் படங்களையும் எடுத்தவர் அவர்தான். அதனால் எதிலும் அவர் இல்லை. பாஸ்போர்ட் படம் ஒன்றுதான், அதிலும் பயந்த முழி.

மேலாளரிடம் போய் அந்தப் படத்தின் பிரதி கேட்டேன்.

"பிழையானதையா? நல்லது இருக்கிறதே" என்றாள் டேனிஷில்.

"பிழையானதுதான் வேண்டும்."

பிரதி கிடைத்த பிறகு பழையதை அழித்தேன்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. "இது அப்பா இல்லையே, கட்டடம்" என்று அவளும் டேனிஷில்தான் சொன்னாள். "பின்னட்டையில போடு" என்றேன். போட்டாள்.

தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, புரொண்பியில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. நான் தேநீர்த் தட்டோடு போனபோது, கணவரின் அக்கா மலரின் பின்னட்டையை நீட்டினார்.

"என்ன பிள்ளை, ஒரு மாதா படம் கிடைக்கேல்லையோ? பள்ளிவாசலைப் போட்டு வச்சிருக்கிறாய்."

"அது அரண்மனை, மச்சாள். கீழ் மூலையைப் பாருங்கோ."

கண்ணாடியைக் கழற்றி, முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"தம்பியின்ர நகம்" என்றார். தன் பெருவிரலை அதன்மேல் வைத்தார், எடுக்கவில்லை.

என் தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது. யாரோ வந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள்.