தவசிமுத்துவின் இடப்பக்கம்

கோல் கம்பத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் தவசிமுத்து பேசுவார். மாலைப் பயிற்சி தொடங்குமுன் அசீனா அவரிடம் கால்பந்தைப் பற்றிக் கேட்கப் போனபோதும் அப்படித்தான் நின்றிருந்தார்.

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் அவள் டைப்பிஸ்ட். தமிழ், ஆங்கிலம் இரண்டும் தெரியும் என்பதால், பொங்கல் போட்டிக்கு மைக்கில் அறிவிக்கும் வேலையை மேனேஜர் அவள் தலையில் கட்டிவிட்டார். அவளோ அதுவரை ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவள் இல்லை. எத்தனை பேர் ஆடுவார்கள் என்று முதலில் கேட்டாள். பக்கத்துக்குப் பதினொரு பேர் என்றார். பந்தைக் கையால் தொடலாமா என்றாள். கோல் காக்கும் கோலி மட்டும் தொடலாம், அதுவும் இந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளே என்றார். அப்படியானால் உங்கள் வேலைதான் எல்லாவற்றிலும் சுலபம் என்றாள்.

தவசிமுத்து சிரிக்கவில்லை. "மத்த பத்துப் பேரும் தப்புப் பண்ணினா பின்னாலயே ஓடிச் சரிபண்ணிக்கிடலாம், தங்கச்சி. நான் பண்ணினா கோலு, பந்தைக் கொண்டுபோயி நடுவுல வச்சிருவாக. ஊரே பாக்கும்."

ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டாள். "பந்து வருமுன்னமே நம்ம ஆளுகளைத் தாண்டி வந்து களவாணி கணக்கா காத்துக் கெடந்தா, அது தப்பு. ஆனா ரெப்ரி பாத்திருக்கணுமே." கார்னர் என்றால்? கோலுக்கு இருபுறமும் மைதானத்தின் மூலைகளைக் காட்டினார். அங்கிருந்து பந்தைத் தூக்கி அடிப்பார்களாம். எந்த மூலை மோசம் என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தாள். "இடது" என்றார் சட்டென்று. பிறகு, வலை கிழிந்திருக்கிறது, முடிச்சுப் போட வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

பந்துக்காகவே வேலை கிடைத்தவர் அவர். வத்திராயிருப்பில் ஆடிக்கொண்டிருந்தவரை அழைத்து வந்து நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் போட்டார்கள். பெர்மனென்ட் ஆகவில்லை. ஆடும்வரை வேலை, அவ்வளவுதான். எண்பத்தொன்பதில் வந்த புது மேனேஜர், பொங்கல் போட்டியில் சொதப்புகிறவர்களை அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ஆள் நல்ல உயரம். சீவிய தலையில் எப்போதும் பஞ்சுத் தூசி. கான்டீனில் இடப்புறம் சுவர் இருக்கும் பெஞ்சில்தான் உட்காருவார். அதில் வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே டீ குடிப்பார். யாரோடு நடந்தாலும் இரண்டெட்டு பின்தங்கி, அவர்களைத் தம் வலப்பக்கம் வரவைத்துவிட்டுத்தான் நடப்பார். பயிற்சியில் கோலின் நடுவில் நிற்கவே மாட்டார். இடக்கம்பத்தை ஒட்டி நின்றபடி, மிச்ச இடத்தையெல்லாம் வலப்பக்கம் பாய்ந்து பாய்ந்தே அடைப்பார். முன்வரிசையில் ஆடும் சௌந்தரபாண்டியனுக்கு அது ஒரு வேடிக்கை. "ஏலே தவசி, கம்பத்துக்குத் தாலி கட்டிட்டியா? செத்த நேரம் விட்டுட்டு வாயேன், ஓடியா போயிரும்?" எல்லோரும் சிரிப்பார்கள். தவசிமுத்துவும் கூடச் சிரிப்பார், ஒரு அடிகூட நகராமல்.

போட்டிக்கு முந்தின வாரம், சின்னம்மாவைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போன அசீனா, திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டாள். பக்கத்தில் போய் அவருக்கு இடப்புறமாக நின்றாள். கை நீட்டினால் தொடும் தூரம். அவர் பார்க்கவே இல்லை. "அண்ணே" என்றதும் அடி விழுந்ததுபோல் உடம்பு தூக்கிப்போட்டது. கையிலிருந்த சொட்டு மருந்துக் குப்பி நழுவி இடப்பக்கமாக உருண்டது. அவர் வலப்பக்கம் குனிந்து தேடினார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். "எம்புட்டு நாளாண்ணே?"

ஆடி மாதத்திலிருந்து என்றார். ரிங் ஃபிரேமில் நூலை இழுத்துக்கொண்டு சுழலும் சின்ன எஃகு வளையம் ஒன்று தெறித்து இடக்கண்ணில் அடித்திருக்கிறது. மில் டிஸ்பென்சரிக்குப் போனால் மேனேஜர் காதுக்குப் போய்விடும் என்று, யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி இங்கே வந்து வைத்தியம் பார்த்திருக்கிறார். இனி அதில் வெளிச்சம் திரும்பாது என்று இன்றைக்குத்தான் டாக்டர் சொன்னாராம். மனைவி ஞானபாக்கியத்துக்கும் தெரியாது. அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"ஒத்தைக் கண்ணனை யாரு கோல்ல நிப்பாட்டுவா, தங்கச்சி?"

ராஜபாளையம் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, அவளும் ஏறவில்லை. பஸ் கிளம்பிப் போனபின் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மைக்குல நீங்கதான பேசுவீக? பந்து எனக்கு இடது கையோரமா வரும்போது மட்டும் என் பேரைச் சொல்லுங்க. மத்த நேரம் சொல்லாதீக. கேக்கவகளுக்கு ஒண்ணும் தோணாது."

அசீனா மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொல்ல ஒரு நொடி பிந்தினால் பந்து உள்ளே போய்விடும். பாதி ஆட்டத்துக்குப் பின் இரு அணியும் பக்கம் மாறும். அதுவரை அவளுக்கு அந்தக் கோடியாக இருந்த அவருடைய இடது, அதன் பிறகு மைக் வைத்த அவள் மேஜைப் பக்கமாகிவிடும். அந்தக் குழப்பத்தில் தவறாக ஒருமுறை கூப்பிட்டுவிட்டால், ஒரு குடும்பத்தின் சோறு அதோடு போகும்.

"எனக்கு இன்னும் ஆட்டமே பிடிபடலைண்ணே."

"என் இடது எதுன்னு தெரிஞ்சாப் போதும். இப்ப என் பேரை ஒரு தடவை சொல்லிப் பாருங்க" என்று தவசிமுத்து அத்தனை சனத்துக்கு நடுவில் கால்களை அகட்டி நின்றார். வலது உள்ளங்கையால் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, இடக்கையை விரித்து வெறும் காற்றில் நீட்டினார்.